நான் துடைத்தெடுத்த சூரியன்

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நேற்று மதியம்தான் முக்கால் மணி நேரம் வீடியோவில் பேசினோம். நீ இளைத்திருக்கிறாய், தாடியை இன்னும் எடுக்கவில்லை, இரண்டையும் பார்த்துவிட்டேன். இன்னும் பத்து நாளில் நீயும் நளினியும் அவள் அம்மாவும் பிரான்ஸிலிருந்து உங்கள் கல்யாணத்துக்கு வந்து இறங்கப் போகிறீர்கள். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் சொல்லப் போனால் உன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றி, குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டுவிடுவேன். போனில் சொல்லத் தொடங்கினால் சிக்னல் போய்விட்டது என்று நானே துண்டித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பொறுமையாகப் படி. நளினி எட்டிப் பார்த்தால் மறைக்காதே, அவளுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

விஷயம் உன் தலைக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு வருஷமாக நீ எப்போது கூப்பிட்டாலும் உனக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் தெரிகிறது. வாட்டர்கலர். நீலக் கடல், இரண்டு படகு, ஓரத்தில் நம் பழைய கலங்கரை விளக்கம். முதல் நாள் பார்த்தபோது, "யாருடா வரைஞ்சது?" என்று கேட்டேன். "நளினியோட அம்மாதாம்மா. சும்மா இல்ல, எப்படி வரையறாங்க தெரியுமா!" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு பெருமை. முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்று, வந்து சமைத்து, உன்னைப் பெற்றுப் படிக்க வைத்தவள் நான். என்னைப் பற்றி யாரிடமாவது நீ அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு போனை வைத்த பிறகு எனக்கு வந்ததற்கு நல்ல பெயராக ஒன்று வைக்கப் பார்த்தேன். பிள்ளைப் பாசம், பிரிவு, ஏக்கம் என்று எதை வைத்தாலும் பொருந்தவில்லை. அது பொறாமை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

பிறகு போன வருஷம் லீவுக்கு வந்தபோது அந்த அம்மா எங்களுக்கென்று வரைந்து கொடுத்தனுப்பிய படத்தைக் கொண்டு வந்தாய். துணியில் சுற்றி, அட்டை வைத்து, ஏதோ கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தாய். வீடியோவில் அவர்களையும் கூப்பிட்டாய். "வுவாலா! பாருங்க அண்ணி, இதான் நம்ம பீச்சு, சாயங்காலம்" என்றார்கள். ஒன்பது வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய் அப்பாவோடு இந்த ஊரை விட்டுப் போனவர்களுக்கு அது 'நம்ம பீச்சு'. இங்கேயே பிறந்து, இங்கேயே ஐம்பத்தொன்பது வயதானவள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். படத்தில் செக்கச்செவேலென்று சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து ஏறும், தம்பி. சாயங்காலம் அது மேற்கே வில்லியனூர்ப் பக்கமாக இறங்கும். இதைத்தான் போன் வைத்ததும் உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். பிறகு சிரிக்காமல், "சும்மா குறை சொல்லாதம்மா. உனக்கு ஒரு கோடாவது ஒழுங்கா போட வருமா?" என்றாய்.

நீ இதை மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. நீ விமானம் ஏறிய மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு நேரு வீதிக்குப் போய் ஒரு பெயிண்ட் பெட்டி, இரண்டு பிரஷ், பத்து சார்ட் பேப்பர் வாங்கி வந்தேன். மதியம் இரண்டு மணிக்கு அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்ததும், ரவை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வாட்டர்கலர் வரைவது எப்படி என்று தேடினேன். ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். அதில் ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை. வெள்ளிமோதிரம் போட்ட வலது கை மட்டும்தான் தெரியும். மெதுவான இங்கிலீஷ், நிறுத்தி நிறுத்திக் கேட்டால் எனக்கும் புரிந்தது. முதல் பாடம் ஒன்பது கட்டம். ஒரே நீலம்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒன்பதாவது கட்டத்தில் நீலம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும். எனக்கு அது வர பதினோரு நாள் ஆயிற்று. சார்ட் பேப்பர் தண்ணீர் பட்டதும் பிசிறு பிசிறாக உரிந்து வந்தது. கோளாறு என் கையில் என்று நினைத்து அழுதேன். ஒரு வாரம் கழித்துத்தான், அந்தத் தாளே இதற்கு ஆகாது, பஞ்சில் செய்த கெட்டித் தாள் வேண்டும் என்று நாலாவது வீடியோவில் சொன்னார். முதல் வீடியோவில் சொல்லியிருக்கலாம்.

அவர் ஊர் வேறு, நம் ஊர் வேறு என்பதும் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஐந்து நிமிஷம் காயட்டும் என்பார். ஐப்பசி மழையில் இங்கே ஒரு மணி நேரம் ஆனாலும் தாள் பிசுபிசுவென்று கிடக்கும். சித்திரையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் இரண்டாவது கோடு இழுப்பதற்குள் முதல் கோடு காய்ந்து பட்டையாக நிற்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடிபடாமல் போனது வெள்ளை. வெள்ளைப் பெயிண்டைத் தொடாதீர்கள், வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைச் சும்மா விட்டுவிடுங்கள் என்பார். என்னால் முடியாது. ஒரு இடம் சும்மா கிடந்தால் என் கை அங்கே போய் ஏதாவது செய்யும். நீ படிக்கும்போது உன் மேசையை அடுக்கி அடுக்கி உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேனே, அதே கைதான். அப்பாவிடம் ஒரு மாதம் மறைத்தேன். ஒரு நாள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர், மேசையில் இருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாது இது, காப்பி நீலமா இருக்கு?" என்றார். அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை.

உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. நீ அசந்து போகிற மாதிரி ஒன்று வரைந்துவிட்டுத்தான் சொல்வது என்று வைராக்கியம். ஒரு தடவை ஆசை தாங்காமல் நான் வரைந்த மாதுளம்பழத்தை வாட்ஸப்பில் அனுப்பி, கூட வேலை பார்த்த கமலாவின் பேத்தி வரைந்தது, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சூப்பர்ம்மா, எத்தனாவது படிக்கிறா?" என்று போட்டாய். நான் இரண்டு நாள் பிரஷ்ஷைத் தொடவில்லை. இந்த இடத்தில் ஒரு புத்திமதி சொல்கிறேன், அம்மா என்கிற உரிமையில். நளினி நாளைக்கு எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டு வந்து காட்டினால், போனைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைப் பார். பிறகு பேசு.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். 'லிஃப்டிங்' என்று ஒரு பாடம். காய்ந்த வண்ணத்தின் மேல் சுத்தமான ஈர பிரஷ்ஷை மெல்லத் தேய்த்து, பஞ்சால் ஒற்றினால் வண்ணம் மேலே வந்துவிடும், தாள் வெளுக்கும். அதை என் படங்களில் செய்து பார்த்தேன், சரியாக வரவில்லை. அழுக்குத் திட்டுதான் மிஞ்சியது. கோளாறு என் தாளிலா, பெயிண்டிலா, கையிலா? தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. கூடத்துச் சுவரில் அந்த அம்மாவின் படம் தொங்கியது. போன கார்த்திகையில் ஒரு மதியம், அதைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, அட்டையோடு மேசையில் வைத்தேன். ஒரு ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன். இதுவரைக்கும் நான் சொல்வதை நீ நம்பலாம். கீழ் ஓரத்தில் மணலை ஒரு விரல் அகலத்துக்குத் தேய்த்தேன். அழகாக வந்தது, புண்ணைத் துடைப்பதுபோல் சுத்தமாக வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் பிரஷ்ஷைக் கழுவினேன், புதிய பஞ்சு எடுத்தேன், சூரியனுக்குப் போனேன். கை தவறவில்லை, தம்பி. தெரிந்துதான் செய்தேன். கால் மணி நேரம், ஒரு அவசரமும் இல்லாமல், அந்தச் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தேன். முடியும் வரைக்கும் எனக்கு சந்தோஷமாக இருந்தது. முடிந்த பிறகு பார்த்தால் வானத்தின் விளிம்பில் ஒரு வெள்ளை வட்டம், அதைச் சுற்றி ரோஸ் நிறத்தில் கசிந்த தண்ணீர், அது வழிந்து, சூரியனுக்குக் கீழே இருந்த படகும் கரைந்து கடலோடு போயிருந்தது.

உன்னிடம் மழை ஒழுகியது என்றேன். நீ அந்த அம்மாவிடம் சொன்னாய். அவர்களும் பாவம், "பரவால்ல அண்ணி, மழைக்கு இன்னா தெரியும்? நான் வேற வரைஞ்சு கொண்டு வரேன்" என்றார்கள். என் பொய் அதோடு நிற்கவில்லை. ஒழுகுகிறது என்று சொன்னதைக் கேட்டு உன் அப்பா, முழங்கால் வலியோடு, சிமெண்ட் சட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் மொட்டைமாடியில் உட்கார்ந்து பூசினார். நான் கீழே இருந்து மோர் கொடுத்தனுப்பினேன். படத்தை அட்டையோடு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நான் உன் விஷயத்தில் பொறாமையில் ஒன்றைச் செய்துவிட்டுப் பொய் சொன்னது இது முதல் தடவை இல்லை. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பாதி சொல்லி என்ன பயன். உனக்கு நாலு வயது வரை நாம் முதலியார்பேட்டையில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஸ்டெல்லா அக்கா. எனக்கு டூட்டி மாறி மாறி வரும், அப்பா வேலைக்குப் போய்விடுவார், நீ அவர்களிடம்தான் இருந்தாய். அவர்களை ஸ்டெல்லாம்மா என்றுதான் கூப்பிடுவாய். ஒரு நாள் உனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள். லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தேன். நீ அவர்கள் மடியில் படுத்திருந்தாய். நான் கையை நீட்டினேன். நீ முகத்தை அவர்கள் புடவைக்குள் திருப்பிக்கொண்டாய். ஆஸ்பத்திரியில் எத்தனை பிள்ளைகள் அப்படிச் செய்து பார்த்திருப்பேன், காய்ச்சலில் பிள்ளை அப்படித்தான் செய்யும் என்று நானே தாய்மாருக்குச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அது எதுவும் நினைவுக்கு வரவில்லை. மறுமாதமே முத்தியால்பேட்டைக்கு வீடு மாறினோம். தண்ணீர் உப்பு என்று எல்லோரிடமும் சொன்னேன். நீ ஸ்டெல்லாம்மா எங்கே, ஸ்டெல்லாம்மா எங்கே என்று ஒரு மாதம் கேட்டாய். அவர்கள் கடலூருக்குப் போய்விட்டார்கள் என்றேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாய். அவர்கள் எங்கும் போகவில்லை, தம்பி. அதே வீட்டில்தான் இருந்தார்கள். இங்கிருந்து வண்டியில் இருபது நிமிஷம்.

போன வாரம் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க பீரோவைத் திறந்தேன். புடவையை இழுத்ததும் அந்தப் படம் கீழே விழுந்தது. தாளை அட்டையில் ஒட்டியிருந்த டேப் ஈரம்பட்டுக் காய்ந்து விட்டுப்போய், அட்டை தனி, தாள் தனி. தாள் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்பது கட்டம். ஒரே நீலம், ஒவ்வொன்றிலும் தண்ணீர் கூடிக்கொண்டே போய், ஒன்பதாவதில் நீலம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். அந்தக் கட்டங்களை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். மூன்றாவது கட்டம் ஐந்தாவதைவிட வெளுத்திருந்தது, எனக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. நாலு கட்டத்தில் வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. அதே வெள்ளிமோதிரக்காரர், அதே முதல் பாடம். தாளை வீணாக்கக் கூடாது என்று அந்த அம்மா, பாடம் செய்த தாளின் மறுபக்கத்திலேயே எங்களுக்குப் படம் வரைந்திருக்கிறார்கள். கட்டங்களுக்குக் கீழே பென்சிலில் தமிழ். 'அண்ணிக்கு அன்புடன்' என்று ஆறு தடவை எழுதிப் பார்த்திருக்கிறார்கள். முதல் இரண்டில் ண்ணி வரவில்லை, அடித்திருந்தது. கடைசியில் தைரியம் வராமல்தானோ என்னவோ, படத்தின் முன்பக்கம் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. பிறவியிலேயே கை வந்தவர்கள் என்று நினைத்து நான் வயிறெரிந்துகொண்டிருந்தேன். அவர்களும் என்னைப்போல் ரவை டப்பாவிலோ எதிலோ போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான்.

தாளை முதுகுப் பக்கம் தெரிய மேசையில் வைத்தேன். அப்பா வந்து பார்த்தார். தாளைத் திருப்பி அந்த வெள்ளை வட்டத்தையும் பார்த்தார். "மழை இல்லைங்க, நான்தான்" என்றேன். "தெரியும்" என்றார். "மேல வெடிப்பே இல்ல. தண்ணி ஊத்திக்கூட பாத்தேன்." பின்னே ஏன் இரண்டு நாள் பூசினீர்கள் என்று கேட்டேன். "நீ ஒழுவுதுன்னு சொன்னியே" என்றார். டீ போடப் போய்விட்டார்.

மறுநாள் ஒரு கல்யாணப் பத்திரிகையையும் என் பெயிண்ட் பெட்டியையும் எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் போனேன். பத்திரிகையை வைத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தேன், உள்ளே போகவும் தைரியம் வரவில்லை. எதிர்க் கடை நிழலில் வண்டியிலேயே உட்கார்ந்து அந்த இரண்டு வாசலையும் வரைய ஆரம்பித்தேன். நம்முடைய பழைய வாசல், பக்கத்தில் அவர்கள் வாசல். கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா அக்காவே குடத்தோடு வெளியே வந்தார்கள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "யாரு, நர்ஸம்மாவா? எம் புள்ள எப்டி இருக்கான்?" என்றார்கள். எம் புள்ள என்று சொன்னதும் எனக்குப் பழையபடி சுருக்கென்றது. இந்த வயதிலும், மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும். அவனுக்குக் கல்யாணம் என்று பத்திரிகையை நீட்டினேன். கடலூர்ப் பொய்யையும் சொன்னேன். அவர்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பத்திரிகையில் உன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ" என்றார்கள். பிறகு, "எத்தினி மணிக்கு முகூர்த்தம்?" என்று கேட்டார்கள். மண்டபத்தில் வந்து நிற்பார்கள், தம்பி. யார் என்று முழிக்காதே. நான் சொல்லித்தான் செய்தாய் என்று தெரியாதபடி, நீயாகப் போய் அவர்கள் காலில் விழு.

உன் மாமியாரிடம் நீ முந்திக்கொண்டு எதையும் சொல்லாதே, என் சார்பில் பூசி மெழுகவும் வேண்டாம். அவர்கள் படத்தைத் திரும்பவும் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். முதுகுப் பக்கம் வெளியே தெரியும்படி, ஒன்பது கட்டமும் அந்தத் தமிழும் தெரியும்படி மாட்டியிருக்கிறேன். வந்ததும் பார்ப்பார்கள். கேட்பார்கள். நான் சொல்வேன். கோபித்துக்கொள்ளட்டும், அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கோபம் தீர்ந்த பிறகு, சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையும் ஒரு நாள் சாயங்காலம் வில்லியனூர் ரோட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டப் போகிறேன். அதை மட்டும் என்னால் விட முடியாது.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்று நீ பேசும்போதுகூட உன் முகத்தைவிட உன் தலைக்குப் பின்னால்தான் அதிகம் பார்த்தேன். இனிமேல் அது வரும்போது பீரோவில் ஒளித்து வைக்காமல் சொல்லிவிடுகிறேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான். அந்த இரண்டு வாசல் படத்தை வீட்டுக்கு வந்து முடித்துவிட்டேன். நடுவில் இருக்கும் சுவர் வெள்ளை. முதல் தடவையாக அதைத் தொடாமல் அப்படியே விட்டிருக்கிறேன். கமலாவின் பேத்தி வரைந்ததில்லை, உன் அம்மா வரைந்தது. திரும்பிப் போகும்போது உன் பெட்டியில் வைத்து அனுப்புவேன். உன் மாமியார் படத்தைக் கழற்றாதே, அது அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு ஆணி அடித்து இதை மாட்டு. அப்புறம் என்னிடம் பேசும்போது மட்டும், நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்.

உன் அம்மா